வலது மூலையில் வந்த படங்கள்

எங்கள் மருமகள் ஆடிக்கு மல்லாங்கிணற்றுக்குத் தாய் வீடு போனாள். ஆவணி பிறந்து பத்து நாளாகியும் திரும்பவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் மகனுக்கும் தெரியாது. காரணம் என் கம்ப்யூட்டர்.

திருத்தங்கலில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்தக் கம்ப்யூட்டரை வைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், கடைகளுக்குக் காலண்டர், அஞ்சலி போஸ்டர் என்று வடிவமைத்து பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் தடங்கலில்லாமல் வரும். ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிப்பேன். பட்டாசு லேபிளில் இருக்கும் எச்சரிக்கை வாசகத்தை எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று முழுதாகக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மகனுக்கு ஓசூரில் வேலை. வைகாசியில் கல்யாணம் முடிந்தது. அங்கே வீடு அமையும்வரை மருமகள் எங்களோடு இருப்பதாகப் பேச்சு. அவள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். என் மனைவி விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு மருமகள் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்குப் பொதுவாகவே பேச்சு வராது. புதிதாக வந்த பிள்ளையிடம் கேட்கவே வேண்டாம். “சாப்பிட்டியா தாயி” என்பேன். “சாப்பிட்டேன் மாமா, நீங்க சாப்பிட்டீகளா” என்பாள். அத்தோடு சரி. ஆனாலும் அவள் அடுப்படியில் ஏதாவது வாய்க்குள் பாடிக்கொண்டு வேலை செய்வாள். அந்தச் சத்தம் முன்னறைக்குக் கேட்கும். வீடு நிறைந்த மாதிரி இருக்கும்.

ஆனியில் காலண்டர் வேலை சூடுபிடித்தது. ஆடிப் பதினெட்டுக்குள் மாதிரி ஆல்பம் தயாராக வேண்டும். சாமி படங்கள் புதிது புதிதாகக் கேட்டார்கள். இன்டர்நெட்டில் தேடித் தேடி இறக்கினேன். அந்தச் சமயத்தில்தான் திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் எழுந்து வர ஆரம்பித்தன. முதலில் சிவப்பில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அப்புறம் சீட்டாட்டம். ஒரு வாரத்தில் பெண்களின் படங்கள். எப்படிப்பட்ட படங்கள் என்று எழுதக் கை வரவில்லை. ஒன்றை மூடினால் இன்னொன்று வந்தது. இன்டர்நெட்டை மூடிவிட்டு லேபிள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும் வந்தது.

மருமகள் பார்த்துவிடுவாளே என்று பயந்து மேசையைத் திருப்பி, திரை சுவரைப் பார்க்கும்படி போட்டேன். கொலுசுச் சத்தம் கேட்டால் அவசரமாக எல்லாவற்றையும் மூடுவேன். பயந்து பயந்து நான் செய்த காரியமெல்லாம், ஒளித்து வைத்து எதையோ பார்க்கிறவன் செய்கிற காரியமாகவே இருந்தது என்பது அப்போது புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கேள்வித்தாள் அடிக்க வேண்டும் என்று கேட்டாள். முடியாது என்று எப்படிச் சொல்வது? உட்காரச் சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நின்றுபோனது. உள்ளே வந்து அவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மூலையில் படம். ஒன்றல்ல, மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுவரில் இருந்த சுவிட்சைப் படக்கென்று அணைத்துவிட்டேன்.

அவள் எழுந்து, “நான் ஸ்கூல்லயே அடிச்சுக்கிறேன் மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை என் மனைவியின் வேன் கிளம்பியதும் மருமகள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூட நேரம் வரை அங்கேதான் இருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அடுப்படியில் பாட்டு இல்லை. ஆடி பிறந்ததும் அவள் அப்பா வந்து முறைப்படி அழைத்துப் போனார். அவள் பையில் துணிமணி எல்லாமே இருந்தது. அதை நான் மட்டும் கவனித்தேன்.

கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டி, சிவகாசியில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணாச்சி, கண்ட சைட்டுக்குப் போனா இதெல்லாம் பின்னாலயே வரத்தான் செய்யும்.”

“இல்ல தம்பி, சாமி படம் தேடினேன்.”

“இங்க வாரவுக எல்லாரும் சாமி படந்தான் தேடுறாக” என்றார். கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். “ஃபார்மட் போட்டுருவமா? எல்லாம் சுத்தமா அழிஞ்சுரும்.”

அதில் என் லேபிள்கள் அத்தனையும் இருந்தன. வேண்டாம் என்றேன். வைரஸ் எடுக்கும் எதையோ ஓட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் சும்மா இருந்தது. மூன்றாம் நாள் காலை திறந்ததும் மூலையில் ஒருத்தி சிரித்தாள்.

ஆவணி வந்தது. ஒரு சனிக்கிழமை, வேன் வராத நாள். என் மனைவி போனை வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“அவ அங்கன இருந்தே பஸ்ஸுல ஸ்கூலுக்குப் போய்க்கிறாளாம். ஓசூருல வீடு பாத்தப்புறம் நேரா அங்க போயிருதேங்கிறா. எம்புட்டுக் கேட்டும் காரணம் சொல்ல மாட்டேங்கா. நான் ஏதும் சொல்லிட்டனாங்க?”

“நீ ஒண்ணும் சொல்லல.”

“அப்ப நீங்க சொன்னீகளா? உங்க வாயில இருந்து சொல்லு வாரதே அதிசயம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை. அவள் கடைக்குப் போன நேரத்தில் கம்ப்யூட்டரைப் போட்டேன். படம் எழுந்தது. இடது உள்ளங்கையால் படத்தை முழுதாக மறைத்து, அதற்குக் கீழே இருந்த பொடி ஆங்கில எழுத்து மட்டும் தெரியும்படி செல்போனில் படம் எடுத்தேன். மருமகளுக்கு அனுப்பினேன். பிறகு போன் செய்தேன். அவளுக்கு நான் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“மாமா?” என்றாள். குரலில் பயம் இருந்தது. “அத்தைக்கு என்ன?”

“அத்தை நல்லா இருக்கா தாயி. ஒரு படம் அனுப்பியிருக்கேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லணும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.”

“கையை வச்சு மறைச்சிருக்கீகளா?”

“ஆமா தாயி.”

பிறகு டீச்சர் குரலில் சொல்ல ஆரம்பித்தாள். “அது படம் அனுப்புற சைட்டோட பேரு மாமா. இன்டர்நெட்டத் திறங்க. மேல வலது பக்கம் மூணு புள்ளி இருக்கும் பாருங்க. அத அமுக்குங்க. பல்சக்கரம் மாதிரி வருதா?” அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் போனேன். புரியாத இடத்தில் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு நீளமான பட்டியல் வந்தது. அதையும் படம் எடுத்து அனுப்பினேன்.

“இதெல்லாம் உங்க கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்பலாமான்னு கேட்ட சைட்டுக. அம்புட்டுக்கும் அனுமதி குடுத்திருக்கீக.”

“கேட்டுச்சு தாயி. ஓகே குடுத்தேன்.”

“எது கேட்டாலும் குடுத்துருவீகளா?”

அப்போதுதான் எனக்கே விளங்கியது. பதினெட்டு வருஷம் பிரஸ்ஸில் இருந்தவன் நான். ஆர்டர் கொடுத்த பார்ட்டி, மாதிரி அச்சான புரூஃபைப் பார்த்து ஓரத்தில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். ஓகே வராவிட்டால் பேப்பர் நிற்கும், ஆள் நிற்கும், போர்மன் திட்டுவார். ஓகே வாங்குவதற்காக வெயிலில் சைக்கிளில் அலைந்தே பாதி வயது போனது. கம்ப்யூட்டர் ஒரு கட்டத்தைக் காட்டிக் கேட்டால், வேலை நின்றுவிடக் கூடாதே என்று உடனே ஓகே கொடுப்பது கையோடு வந்துவிட்டது. இதை அவளிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவள் பட்டியலை மெதுவாக வாசித்தாள். “இது லட்சுமி படம். இது பிள்ளையார். இது குத்துவிளக்கு. இது முருகன். இது தமிழ் ஃபான்ட்.” நிறுத்தினாள். “எல்லாமே சாமி படத்துக்குத்தான் போயிருக்கீக.”

“காலண்டருக்குத் தாயி.”

“சரி மாமா” என்றாள். ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

ஞாயிறு காலை திறந்தால் மறுபடியும் படம். நேற்றுச் சொன்னதெல்லாம் பொய் என்று நினைப்பாளோ என்று அரைமணி நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவளே கூப்பிட்டாள்.

“போயிருச்சா மாமா?”

“வந்துருச்சு தாயி.”

“அப்ப உள்ள ஏதோ ஒண்ணு உக்காந்துக்கிட்டுத் திரும்பத் திரும்பச் சேக்குது” என்றாள். கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கும் புரோகிராம்களின் பெயர்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அதில் ஒன்றைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டாள். சாமி படங்களை மொத்தமாக இறக்கலாம் என்று சொன்ன ஒன்று. அதுவும் கேட்டது, அதற்கும் ஓகே கொடுத்திருந்தேன். அதை நீக்கினோம். நீக்கும்போது அது மூன்று தடவை நிஜமாகவா என்று கேட்டது. “இதுக்கு மட்டும் ஓகே குடுங்க” என்றாள். அணைத்துப் போட்டேன். மத்தியானம் வரை மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் எழவில்லை.

வளர்பிறை வெள்ளிக்கிழமை அவள் அப்பாவோடு வந்து இறங்கினாள். அதற்குள் மேசையைத் திருப்பி, திரை தெருவாசலைப் பார்க்கும்படி போட்டிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேள்வித்தாள் அடித்தாள். நடுவில் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கூப்பிட்டாள்.

“மாமா, இங்கன ஒண்ணு அனுமதி கேக்குது. ஓகே குடுத்துரவா?”

“வேண்டாம் தாயி” என்றேன். அடுப்படியில் என் மனைவி என்னவென்று தெரியாமலே சிரித்தாள்.

திங்கட்கிழமை வேன் போனதும் மருமகள் டிபன் டப்பாவை எடுத்தாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, “எதிர்வீட்டு அக்கா தனியா இருக்காக மாமா, பழகிப்போச்சு” என்றாள். நான் கேட்டிருக்கவில்லை. “போயிட்டு வா தாயி” என்றேன். அவள் தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் என் திரை தெரியும். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, பாதியில் நின்ற லேபிளை எடுத்தேன்.