பேச்சிக்குக் கொடுக்காதே என்று கேட்டேன்

கோமதி அம்மனை நம்பியிருக்கும் சகோதரிகளுக்கு, நடந்ததை நடந்த வரிசையில் முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. நானும் பேச்சியம்மாளும் ஒரே வருஷம் மதுரையில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் ஊர் சங்கரன்கோவில். அடுத்தடுத்த தெரு.
2. ஆராய்ச்சி உதவித்தொகை, எங்கள் கல்லூரியின் கலை, சமூக அறிவியல் துறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வருஷம் ஒருவருக்குத்தான் என்றார்கள்.
3. இருவரும் விண்ணப்பம் போட்டோம்.
4. அது கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு பாங்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று என் அப்பா சொல்லிவிட்டார். பேச்சியின் அப்பா பரீட்சையைப் பற்றிப் பேசவில்லை. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்.
5. எனக்குக் கொடு என்று அம்மனிடம் கேட்டேன். பேச்சிக்குக் கொடுக்காதே என்றும் கேட்டேன்.
6. எனக்குக் கிடைத்தது. பேச்சிக்குக் கிடைக்கவில்லை.
7. என் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

நான் புள்ளிவிவரம் படித்தவள். விடைகளை எண்ணாக்கி, கம்ப்யூட்டர் அட்டையில் துளை போடும் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். மானாவாரி ஊர்களில் பெண்கள் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பது என் ஆராய்ச்சி. பேச்சி தமிழ் படித்தவள். கல்லூரி டேப்ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாட்டு சேகரிப்பாள். முதல் வருஷம் ஒரு தடவை இருவரும் சேர்ந்து இளையரசனேந்தல் பக்கத்து ஊர்களுக்குப் போனோம். நான் வினாப்பட்டியலைப் பிரித்ததும் பெண்களுக்கு அடுப்பில் வேலை வந்துவிட்டது. பேச்சி தரையில் உட்கார்ந்ததும் அதே பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் மடியில் ஒரு பரங்கிக்காய் இருந்தது. யாரோ கொடுத்தது. எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

பொறாமை என்றுதான் எழுதுகிறேன். வேறு நல்ல வார்த்தை தேடவில்லை. அன்றைக்கு நெஞ்சில் ஆரம்பித்த எரிச்சல் சாப்பிடும்போதும் இருந்தது, படிக்கும்போதும் இருந்தது.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் கோயிலைச் சுற்றி ஆடிச்சுற்று சுற்றப் போனேன். முன்னால் ஒரு நீளச் சடை ஆடிக்கொண்டு போனது. பேச்சி. நான் மெதுவாக நடந்தேன். அவள் ஒரு சுற்று முடித்துவிட்டுப் பின்னாலிருந்து வந்து என்னைப் பிடித்துவிட்டாள்.

“ஏட்டி வடிவு, நீயும் அதுக்குத்தான் சுத்துதியா?”

“எதுக்கு?”

“நடிக்காத. ஒரே ஆத்தாட்ட ரெண்டு பேரும் ஒரே சீட்டைக் கேட்டா அவ என்ன செய்வா, பாவம்.”

சிரித்துக்கொண்டே தாண்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவையும் தாண்டினாள். சுற்றுவதில்கூட அவள்தான் முன்னால். அப்போதுதான் அந்த ஐந்தாவது வரியைக் கேட்டேன். நின்றுகூடக் கேட்கவில்லை, நடந்துகொண்டே கேட்டேன்.

புரட்டாசியில் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. அப்பா தறிக்காரர்களுக்கு நூல் விற்கிறவர். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் பேச்சி வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. ஒரு எவர்சில்வர் தம்ளரில் ‘டாக்டர் வடிவு’ என்று அவளே பெயர் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

“முன்கூட்டியே வெட்டிட்டேன். வாங்காம விட்டன்னா தம்ளரு வீணாப்போயிரும்.”

எழுத்து அச்சுப் போல இருந்தது. அதற்கும் எனக்கு எரிந்தது.

ஐப்பசியிலிருந்து ஊர்களுக்குத் தனியாகப் போனேன். இளையரசனேந்தல் பக்கத்து ஊரில் சீனியம்மாள் என்று ஒருவர். அவர் வீட்டில் கிடை ஆடுகளும் கொஞ்சம் கரிசல் நிலமும் உண்டு. முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று பட்டியலில் உள்ளபடி கேட்டேன்.

“நான் என்னத்தச் செய்யுதேன்? சும்மாதான் இருக்கேன். அவியதான் காட்டுக்குப் போறாவ.”

கை புடைத்துக்கொண்டேயிருந்தது. வேலை இல்லை என்பதற்கு என் பட்டியலில் எண் பூஜ்யம். பூஜ்யம் போட்டேன். அடுத்த வீட்டிலும் சும்மாதான் இருந்தார்கள். அதற்கும் பூஜ்யம். வாசலை விட்டு இறங்கும்போது சீனியம்மாள் கேட்டார்.

“ஏ தாயி, உன்கூட ஒரு பாட்டுக்காரப் புள்ள வந்துச்சே, அது வரலையா?”

போன ஊரிலெல்லாம் இந்தக் கேள்வி வந்தது. உதவித்தொகை எனக்குக் கிடைத்திருக்கிறது என்று அவர்களிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லி என்ன பயன்?

மார்கழியில் அட்டவணைகளைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“அந்த ஊர்ல பொம்பளைங்க யாரும் வேலையே செய்யறதில்லையாம்மா? இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

அவர் கையெழுத்து இல்லாமல் இரண்டாம் வருஷத்து உதவித்தொகை வராது. மாசிக்குள் வேறு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார். வீட்டில் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. “கெடச்சதும் நின்னு போச்சுன்னா நான் சொல்லுததுக்கு ஒண்ணுமில்லம்மா. பரீட்சைக்கு எழுதிப் போட்டுரு” என்றார். அந்தச் சாந்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கிடைக்காமல் போயிருந்தால் விதி என்று இருந்திருப்பேன். கிடைத்ததைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று ஆகப்போகிறேனே என்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அம்மன் சன்னதி முன்னால் உள்ள சக்கரத்தில் மனக்கஷ்டம் உள்ளவர்கள் உட்கார்ந்து வேண்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதுவரை நான் அதில் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன். அங்கேயும் வரிசையாகத்தான் கேட்டேன். ஒன்று, அந்தப் பெண்கள் என்னிடம் பேச வேண்டும். இரண்டு, என் படிப்பு நிற்கக் கூடாது. மூன்று, இந்த எரிச்சலை எடுத்துவிடு தாயே, தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப அந்த மூன்றாவதையே சொன்னேன்.

“எந்திரிட்டி. பின்னால எத்தன பேரு நிக்காவ. மொத்தத்தையும் நீயே கேட்டு முடிச்சிராத.”

கண்ணைத் திறந்தேன். பேச்சி. அவளும் அந்தச் சக்கரத்துக்குத்தான் வரிசையில் நின்றாள்.

அவள் வேண்டி முடிக்கும்வரை பிரகாரத்தில் காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டேப்ரெக்கார்டரைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்திருக்கிறாளாம். “நாள் பூரா குடத்துல ‘மணமக்கள் வாழ்க’ன்னு வெட்டுதேன். என் கல்யாணத்துக்கும் நாந்தான் வெட்டணும் போல” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அவளுக்குக் கொடுக்காதே என்று நான் கேட்டதை அவள் அறியமாட்டாள். கேட்டவள் நான், கொடுத்தவள் எதிரே சன்னதியில் நிற்கிறாள். அவள் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

“ஊருக்கு என்கூட வாரியா? என்கிட்ட யாரும் பேச மாட்டேங்காவ.”

பேச்சி என்னைப் பார்த்தாள். “ஸ்காலர்ஷிப்பு உனக்கு, தொண்டத்தண்ணி எனக்கா?”

“பாட்டெல்லாம் உனக்கு. எனக்கு வேலை மட்டும் போதும்.”

“பஸ்ஸுல ஜன்னல் சீட்டும் எனக்கு” என்றாள்.

தை பிறந்ததும் போனோம். சீனியம்மாள் வீட்டில் பேச்சி முறத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“மதினி, போன தடவ ஒரு பாட்டைப் பாதியில நிறுத்துனிய. மிச்சத்தச் சொல்லுங்க.”

“அது களைக்குப் பாடுததுல்லா. களைதான் முடிஞ்சிட்டே. இப்ப கம்பு இடிக்கையில பாடுததுதான் வாயில வருது.”

“வெள்ளன என்ன பாடுவிய?”

“வெள்ளன கெடையில சாணி அள்ளுவோம். அங்கன பாட்டு ஏது, மூச்சுத்தான் வாங்கும். பெறகு தண்ணிக்குப் போகையில ஒண்ணு உண்டு. பருத்தி எடுக்கையில வேற. குட்டிகளுக்கு எல ஒடிக்கப் போனா அதுக்கொண்ணு, அது கொஞ்சம் கெட்ட பாட்டு.”

“அதத்தான் மொதல்ல கேக்கணும்” என்றாள் பேச்சி. அந்த வீடே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. வினாப்பட்டியலைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். களை, கம்பு, சாணி, தண்ணீர், பருத்தி, இலை. என்ன வேலை என்று கேட்டால் சும்மா என்றவர், என்ன பாட்டு என்றதும் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை வரிசையாகச் சொன்னார். பாட்டில்லாத வேலைகளையும் சொன்னார். பூஜ்யம் போட்ட வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போனோம். பேச்சி பாட்டைக் கேட்டாள். எனக்கு வேலைகள் கிடைத்தன. எல்லா வீட்டிலும் கருப்பட்டிக் காப்பி முதலில் அவளுக்குத்தான் வந்தது. அதையும் கவனித்தேன்.

மாசியில் புது அட்டவணையைப் பேராசிரியர் இரண்டு தடவை வாசித்தார். “பாட்டு வழியா வேலையைக் கேட்கலாம்கிறது யாரோட யோசனை?” என்றார். என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். பேச்சியம்மாளுடையது என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணை மறுபடியும் விண்ணப்பிக்கச் சொல் என்றும் சொன்னார்.

அவளுடைய விண்ணப்பத்தில் வேலைக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பாட்டுகளைப் பிரித்து அட்டவணை போட்டுக் கொடுத்தது நான். அடுத்த ஆடிச்சுற்றில் அவளுக்குக் கொடு என்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனாலும் கேட்டேன். அவளுக்குக் கிடைத்தது, மாப்பிள்ளை பார்ப்பதை அவள் அப்பா தள்ளிவைத்தார். நேர்காணலில் பாடச் சொல்லிக் கேட்டார்களாம். என்னை ஒரு சூத்திரம் எழுதிக் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சண்டை போட்ட இரண்டு நாகராஜாக்களின் கதையை இந்த ஊரில் எல்லாரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அம்மன் தவமிருந்து, சிவனையும் பெருமாளையும் பாதிப் பாதியாக ஒரே உடம்பில் காட்சி கொடுக்கவைத்தாள். அந்த உருவம் இருக்கிற சன்னதியை எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறேன். இப்போதுதான் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

கஷ்டத்தில் இருக்கும் சகோதரிகளே, அவளிடம் கேளுங்கள். மனதில் உள்ளதை அசிங்கமாக இருந்தாலும் மறைக்காமல் கேளுங்கள். அவளுக்குத் தெரியாததா? இன்னார் மூலமாக மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு அந்த இன்னார்தான் வந்தாள்.

இப்போதைய நிலை இது. இருவருக்கும் உதவித்தொகை வருகிறது. என் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் தட்டச்சில் இருக்கிறது. எரிச்சல் முழுக்கப் போகவில்லை, ஆனால் சாப்பிட முடிகிறது. காலைக் காப்பி அந்தத் தம்ளரில்தான். பேச்சி சிவகிரிப் பக்கம் பாட்டு சேகரிக்கப் போயிருக்கிறாள். அவளுக்குப் புது டேப்ரெக்கார்டர் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதே பழைய வினாப்பட்டியல்தான்.