சமையலறை விரிசல்

போன வாரம் கோர்ட்டில் கூண்டு ஏறினேன். பயப்படாதீர்கள்... சாட்சிக் கூண்டுதான்! ஆர்க்கிடெக்ட் என்றால் பிளான் போட்டுக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்றா நினைத்தீர்கள்? பெங்களூரில் அபார்ட்மென்ட் முளைக்கிற இடத்தில் எல்லாம் ஒரு வழக்கும் சேர்ந்தே முளைக்கிறது. நிபுணர் சாட்சி என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

இந்த வழக்கு மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டைப் பற்றியது. வீட்டுக்காரர் சகுந்தலா, டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பக்கத்து மனையில் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்காக பில்டர் ஆழமாகத் தோண்டிக்கொண்டே போகிறார். மண்ணைப் பிடித்து நிறுத்தத் தடுப்புச் சுவர் இல்லை. கணவர் படுத்திருக்கும் அறையில் விரிசல். தடுப்புச் சுவர் கட்டும்வரை தோண்டக் கூடாது — சகுந்தலா கேட்டது அவ்வளவுதான்.

அவர் தரப்பு சாட்சியாக வீட்டைப் பார்க்கப் போனேன். படுக்கையறை விரிசலின் ஓரங்கள் கூராக இருந்தன. உள்ளே செங்கல் பளிச்சென்று சிவப்பு. புத்தம் புதிது. அடுத்து சமையலறை. அங்கேயும் நீளமாக ஒரு விரிசல். டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே பழைய சுண்ணாம்பு, அதன்மேல் ஒட்டடை!

"இது ரொம்பப் பழசும்மா."

"தெரியும் சார். மாடி ரூம் கட்டினப்போ வந்தது. ஆனா கேஸ்ல இதையும் சேர்த்திருக்கோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "இவரை வேற எங்கயும் தூக்கிட்டுப் போக முடியாது சார். எங்களுக்குன்னு பேச நீங்க ஒருத்தர்தான்..."

கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டு விரிசலுக்கும் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்துப் பதித்தேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மறுபடி போனபோது படுக்கையறைக் கண்ணாடி உடைந்திருந்தது. சமையலறையில் அப்படியே இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் பில்டரின் வக்கீல் நேராகச் சமையலறைக்கே வந்தார். "இந்த விரிசலும் என் கட்சிக்காரர் தோண்டியதால் வந்ததா?"

"இல்லை. பழையது."

சகுந்தலா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய வக்கீல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

எதிர்த்தரப்புக்கு ஒரே குஷி. "அப்படியானால் படுக்கையறை விரிசலும் பழையதாக இருக்கலாமே?"

"இருக்க முடியாது" என்று போட்டோக்களை நீட்டினேன். கண்ணாடி விஷயத்தை விளக்கினேன். ஜட்ஜ் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அவரே கேட்டார்: "மேலும் தோண்டினால்?"

"ஒரு பெருமழை போதும். சுவர் குழிக்குள் போய்விடும். நோயாளியின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது."

அன்றே உத்தரவு வந்தது. தடுப்புச் சுவர் எழும்பும்வரை தோண்டக் கூடாது.

வராந்தாவில் சகுந்தலா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நீங்க 'இல்லை'ன்னு சொன்னதும் எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். உங்க மேல அவ்ளோ கோவம் சார்!"

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று சிரித்தார்.

ஒரு இடத்தில் 'இல்லை' சொன்னவன் இன்னொரு இடத்தில் 'ஆமாம்' சொன்னால்தான் எடுபடுகிறதோ, என்னவோ.

கிளம்பும்போது பில்டரின் வக்கீல் ஓடிவந்து கன்னடத்தில் கேட்டார் — அடுத்த கேஸில் தங்கள் பக்கம் சாட்சி சொல்ல வருவேனா என்று. "வருகிறேன், இதே மாதிரிதான் சொல்வேன்" என்று போன் நம்பரைக் கொடுத்தேன்.

இதுவரை மணி அடிக்கவில்லை.