வாரேன் என்று சொல்லிப் போனவர்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் கட்டுமாவடிக்கு வந்து, என் வீட்டு வாசலில் ஓர் உச்சிவேளை உட்கார்ந்து பார்க்கலாம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

1961, பங்குனி மாதம். என் பெயர் செவந்தி. இங்கே பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது எனக்கு ஐம்பது வயது. அதற்குப் பிறகுதான் வயிரவன் என் வாழ்க்கையில் வந்தார். திருமயம் பக்கத்துச் செட்டியார், வலைநூல் வியாபாரம். வீட்டில் மனைவி நாச்சம்மை, வளர்ந்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் அவருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

"அவ கழுத்துல இன்னொரு தடவை பொய்யாத் தாலி கட்ட மாட்டேன், செவந்தி" என்றார்.

சொன்னபடியே ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இனி என்னோடுதான் என்ற முடிவோடு. உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. இலை போட்டேன்.

"வீட்டுல என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வாரேன்னுட்டு வந்துட்டேன்."

"திரும்பிப் போகாத ஆளு வாரேன்னா சொல்லுவாங்க?"

"பின்ன, போறேன்னா சொல்ல முடியும்? பழக்கம். வாய் தானா சொல்லிருச்சு. அவளும் வாங்கன்னா."

இருவரும் சிரித்தோம்.

அப்போது வாசலில் ஒரு சத்தம்... பித்தளையைக் கல்லில் வைத்தாற்போல், டங்.

எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. படியில் ஒரு செம்பு. விளிம்புவரை தண்ணீர், இன்னும் ததும்பிக்கொண்டிருந்தது. உள்ளே எடுத்து வந்தேன். கழுத்தில் எழுத்து வெட்டியிருந்தது. 'நாச்.'

அவர் கை சோற்றிலேயே நின்றது.

"இது அவ சீர்ச் செம்பு. நான் வெளிய போயிட்டு வந்தா, கால் கழுவத் தண்ணி வைக்கிறது."

"யாரோ வெளையாடுறாங்க. நீங்க சாப்பிடுங்க."

தண்ணீரை முற்றத்தில் கொட்டினேன். செம்பை மூலையில் கவிழ்த்தேன். திரும்பிப் பார்த்தால்...

நிமிர்ந்து இருந்தது. நிறைந்திருந்தது.

"வாங்க."

பெண் குரல். மெதுவாக. அதில் கோபமே இல்லை.

அவர் எழுந்தார்.

"போகாதீங்க."

என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"வாரேன்."

வாசலைத் தாண்டினார். ஓடிப் போய்ப் பார்த்தேன்.

வெயில் மட்டும்தான் இருந்தது.

செருப்பு படியிலேயே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணி அடித்தது.

அந்த வாரத்திலேயே அவர் மகன் அடைக்கப்பன், பஸ்காரர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்தான். மொட்டைத் தலை. அப்பச்சியின், அதாவது அப்பாவின், பெட்டியைக் கேட்டான்.

"அன்னைக்குக் காலையில அப்பச்சி கெளம்பின கொஞ்ச நேரத்துல ஆத்தா போயிட்டாக. செம்புல தண்ணியோட வாசல்ல ஒக்காந்தவுக, எந்திரிக்கலை. அப்புறம் அப்பச்சி வந்தாக..."

"எப்ப வந்தார்?"

"உச்சியில. பன்னெண்டு அடிச்சுது. வெறுங்காலோட வந்து ஆத்தா பக்கத்துல ஒக்காந்தாக. அப்படியே சாஞ்சு, அவுகளும் போயிட்டாக."

இங்கிருந்து அவர்கள் ஊர் நாற்பது மைலுக்கு மேல்.

செம்பை எடுத்து நீட்டினேன். எழுத்தைப் பார்த்தான். பின்னால் நகர்ந்தான்.

"ஆத்தா விரலைப் பிரிக்க முடியலை. செம்போடயே எரிச்சோம்."

பெட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

செம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கவிழ்த்துத்தான் வைக்கிறேன். உச்சியானால் நிறைந்துவிடுகிறது. கொட்டுவதற்கு மனம் வருவதில்லை.

என்னிடமும் அவர், வாரேன் என்றுதானே சொல்லிப் போனார்...