ஓசோன் கருவிக்கு ஆயுத பூஜை

மேலே பறக்கிற செயற்கைக்கோள், வானத்தில் இவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று சொல்லும். அது சொல்வது நிஜமா புளுகா என்று உத்திரமேரூரில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்ப்பது என் உத்தியோகம். மதியம் ஒன்றரை வாக்கில் அது நம் தலைக்கு மேல் கடக்கும். ஊரே சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்கிற அந்த நேரத்தில் நான் கைக்கருவியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து மாடியில் மிளகாய் காயவைக்கிற அக்கா தினமும் கேட்பாள்: "இன்னா, சூரியன் இன்னிக்கும் அங்கயேதான் இருக்குதா?"

வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் எனக்கு வேலை. புதுப்பிக்கிறவர் சென்னையில் இருக்கிற எங்கள் சார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: "கருவி முன்னாடி இருக்கற கண்ணாடியைத் தொடாதே. துடைக்கறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத் துடை." நானும் தொட்டதில்லை. ஈ உட்கார்ந்தால்கூடக் கையை வீசித்தான் விரட்டுவேன்.

போன ஆயுத பூஜைக்கு சார் பொரிகடலையோடு நேரிலேயே வந்தார். கருவிக்குப் பூ சுற்றினார். சந்தனத்தைத் தண்ணியாகக் குழைத்துப் பொட்டு வைத்தார். எங்கே? கண்ணாடிக்கு மேல் விளிம்பில். வழியாமல் என்ன செய்யும்? "சார், கண்ணாடி..." என்றேன். "சாமி காரியம்மா, ஒண்ணும் ஆகாது" என்று அதை முதலில் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார். அப்புறம் தன் கர்ச்சீப்பால் வழித்து, மிச்சத்தைக் கண்ணாடி முழுக்கச் சமமாகப் பூசிவிட்டார்.

வெயில் குறைந்து வந்தால் ஓசோன்தான் தடுத்தது என்று கருவி கணக்குப் போடும்; அன்றிலிருந்து என் அளவு செயற்கைக்கோளின் அளவைவிட ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டது. சாரிடமிருந்து போன் வந்தது. "சார், அந்தச் சந்தனம்..." என்று ஆரம்பித்தேன். விட்டால்தானே!

"கோடி கோடியா கொட்டி மேல அனுப்பினது தப்பு சொல்லுமா? நீதான் கண்ணாடியில கை வெச்சிருக்கே. இந்த வருஷத்தோட போதும்மா."

என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. வந்தது பாருங்கள் ஒரு கோபம்! அவர் போட்ட போட்டோவையே தேடி எடுத்து, சந்தனம் வழிகிற இடத்தைப் பெரிதாக்கி அவருக்கே அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் சாரிடமிருந்து கூரியரில் ஸ்பிரிட்டும் மெல்லிய துணியும் வந்தன. துடைத்தேன். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ராசியாகிவிட்டன. சார் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் காரணமும் இருந்தது: கண்ணாடியில் உள்ளூர்த் தூசு. அடேங்கப்பா! சந்தனம் அவரோடு காரில் வந்தது, தூசு மட்டும் எங்கள் ஊருடையதாம். வேலையைப் புதுப்பித்தார்கள். ஒன்றரை மணி வெயிலில் நிற்க வேறு ஆள் கிடைக்க வேண்டாமா?

இந்த வருஷமும் சார் வந்தார், சந்தனக் கிண்ணத்தோடு. கருவியைத் துணியில் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அதன் காலி டப்பாவை நீட்டினேன்.

"இதுக்கு வைங்க சார். இது சூரியனைப் பாக்காது, என் வேலையும் போவாது."

பக்கத்து மாடி அக்கா சிரித்துவிட்டாள். சார் சிரிக்கவில்லை. டப்பாவுக்குப் பொட்டு வைத்தார்.