இரண்டு விரல் இடைவெளி

நாகநாதன் பொய் சொல்லமாட்டார், குடிக்கமாட்டார், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். இத்தனை நல்ல குணம் இருந்தும் பதினோரு வருஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சூசை. பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் டயரும் அலைன்மெண்டும் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அவர் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் பெரிய கிராணியாக இருந்தவராம். அதைச் சொல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை. மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் வைத்திருப்பார். கல்யாண வீட்டில் இலை கோணலாகக் கிடந்தால் அதை நேராக்கிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

தன் பழைய டட்சன் காரை என்னிடம் கொண்டுவரும்போதெல்லாம், உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார். ஒரு நாளும் என் கடையில் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. பதினோரு வருஷமும் நான் அவருக்கு "மெக்கானிக்" தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று எனக்கு இருந்ததை அவர் விசாரித்ததே இல்லை. என் மனைவி ரோசலின், "பெரிய மனுசன், விடுங்களேன்" என்பாள். ஆறு அங்குல ஸ்கேல் வைத்திருப்பவன் எந்தக் கணக்கில் பெரிய மனிதன் என்று நான் கேட்பேன்.

எண்பத்தொன்பதாம் வருஷம் அவருடைய தொழிற்சாலையில் இருந்த ஒரு வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பிப் போனார். அவரிடம் சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு வைத்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. நாகநாதன் டட்சனை விற்றுவிட்டு அதை வாங்கினார். ஐம்பத்திரண்டு வயதில், வேட்டி மடிப்புக் கலையாத மனிதருக்கு ஸ்போர்ட்ஸ் கார்! அதில் முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு தேங்காய் மூட்டை வைக்கலாம். கேள்விப்பட்ட அன்று நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருக்கு ஒரே மகள், தவமணி. நர்ஸ் படிக்க லண்டனில் இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்குப் பினாங்கில் பிளேன் ஏறி, கோலாலம்பூரில் இரவு பிளேனைப் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை அங்கே போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்ணை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் இறக்குவதுதான் காரின் முதல் பயணம் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அதுவரை அது ஜெலுத்தோங் வீட்டுப் போர்ச்சில் துணி போர்த்தி நின்றது. அவரே காலையும் மாலையும் துடைத்தார். ஓட்டவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். காரோடு கிடைத்த விளம்பரப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. அதில் கார் தரையோடு படிந்து நின்றது. வீட்டில் நின்ற கார் அப்படி இல்லை. நம் ரோட்டுக் குழிகளைப் பார்த்த மேனேஜர் அதைத் தூக்கி வைத்திருந்தார், புத்திசாலி. அந்தக் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால், ஸ்பிரிங்குக்கு அடியில், மரை வெட்டிய குழாயில் ஒரு வளையத்தைக் கம்பெனியே வைத்திருந்தது. கொக்கி ஸ்பேனரால் வளையத்தைக் கீழே இறக்கினால் கார் தாழும், மேலே ஏற்றினால் உயரும். நாகநாதன் அந்தப் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து கணக்குப் போட்டிருந்தார். டயருக்கும் அதன் மேல் இருக்கும் தகட்டு வளைவுக்கும் நடுவில் சரியாக இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டுமாம். படத்தை அளந்து காரைத் திருத்தச் சொன்ன ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜாக்கியும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பத்மாவதி, பெரிய பெட்டியை ஏற்றிக்கொண்டு தன் அண்ணன் கந்தப்புவின் வேனில் ஒரு மணிக்கே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஸ்போர்ட்ஸ் காரில் பெட்டிக்கும் இடமில்லை, பெண்டாட்டிக்கும் இடமில்லை. நான் நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, வளையத்தை இறக்கி, மறுபடி மாட்டிக் காரைத் தரையில் விட்டபோது மணி ஒன்று நாற்பது.

நாகநாதன் ஸ்கேலோடு குந்தினார். "மூணு விரல் இருக்கு. என்ன வேலை செஞ்சே மெக்கானிக்?"

"இப்ப அளக்கக்கூடாது சார். ஜாக்கியில இருந்து இறக்குனா காடி நிமிந்துதான் நிக்கும். டயரு தரையைப் பிடிச்சிக்கும். முன்னும் பின்னும் ஒரு பத்தடி உருட்டணும், அப்பத்தான் அடங்கி உட்காரும். உருட்டிட்டு அளங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோவிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பது போல இருந்தது.

"வியாழக்கிழமை ஒன்றரையில இருந்து மூணு ராகு காலம். காடியோட முதல் உருளலே ராகு காலத்திலயா? என் பிள்ளை போற காடி இது."

"அப்ப மூணு மணி வரைக்கும் விடுங்க. உருட்டிட்டுப் பாத்துக்கலாம்."

"மூணு மணிக்கு ராமதாஸ் போட்டோ எடுக்க வர்றான்லா. மூணு அஞ்சுக்குப் புறப்படணும். இப்பவே இறக்கு."

நான் நல்ல நேரத்தைக் கேலி செய்கிறவன் இல்லை. என் மோட்டாரிலேயே புனித கிறிஸ்டோபர் படம் ஒட்டியிருக்கிறது. ஆனால் போர்ச்சுக்குள் டயர் ஒரு சுற்றுச் சுற்றுவதையும் பயணத்தில் சேர்க்கிற மண்டையை என்ன சொல்வது? உருட்டாமலே அடங்குமா என்று பார்க்க, முன்பக்கத்தைக் கையால் அழுத்தப் போனேன். "பெயிண்டில கை வைக்காதே!" என்று கத்தினார்.

அந்தக் கத்தலில்தான் எனக்கு வெறுத்துப்போயிற்று. இன்னொரு தடவை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடாது. சொல்லவில்லை. 'வாசலில் உரசி நாலு பேர் முன்னால் மானம் போகட்டும், பட்டால்தான் புத்தி வரும்' என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனிப்பாகவே இருந்தது. மறுபடி நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். அவர் சொல்லச் சொல்ல இறக்கினேன். வளையம் மரையின் கடைசி வரைக்கும் வந்துவிட்டது. கீழே விட்டதும் ஸ்கேல் வைத்தார். இரண்டு விரல். முகமெல்லாம் பல்.

"பாத்தியா? அளவுன்னா அளவு."

மூன்று மணிக்கு ராமதாஸ் கேமராவோடு வந்தான். தவமணி மஞ்சள் சுரிதாரில் கைப்பையோடு வந்தாள். அப்பாவின் கூத்து அவளுக்குப் பழகியதுதான், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நாகநாதன் கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார், நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். மூன்று ஐந்துக்கு இன்ஜின் உறுமியது. பழங்கள் நசுங்கின.

நான் சொன்னது அவர் கண்ணெதிரே நடந்தது. கார் உருண்ட ஒவ்வோர் அடிக்கும் தாழ்ந்துகொண்டே போயிற்று. பத்தடி போவதற்குள் டயரின் மேல்பாகம் வளைவுக்குள் மறைந்துவிட்டது. கேட்டைத் தாண்டினால் லொங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய். அதன் மேல் போட்ட சிமெண்டுப் பலகை நடுவில் கொஞ்சம் மேடு. முன் சக்கரங்கள் மேட்டைத் தாண்டின, வயிறு மாட்டிக்கொண்டது. கரகரவென்று ஒரு சத்தம். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின் டயர்கள் புகையடித்துச் சுற்றின, அவ்வளவுதான். ராமதாஸ் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தான்.

நான் எதிர்பார்த்தது இதைத்தானே? சிரிப்பு வரவேண்டும், தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது தவமணி கதவைத் திறந்து இறங்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அவருடைய மானத்தை மட்டும் கணக்குப் போட்டவன் அந்தப் பெண்ணின் பிளேனை மறந்துவிட்டேன்.

ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். காருக்கடியில் ஜாக்கி நுழைய இடமில்லை. பலகை தேடி, நெம்பி, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. நாகநாதன் உள்ளே போய் டாக்சிக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். "அரை மணி நேரம் ஆகுமாம்" என்றவர் பலகையைக் காலால் உதைத்தார். "லொங்காங்கை எவன் இவ்வளவு மேடா கட்டினான்?" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மணி மூன்று முப்பத்தைந்து. தவமணிதான் கேட்டாள். "அண்ணே, உங்க மோட்டார் ஓடுமா?"

அவள் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். அவர் காரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நீ போ, நான் டாக்சியில பின்னாலயே வந்துடறேன். அங்க பேசிக்கலாம்" என்றார்.

கிரீன் லேனில் நெரிசல். சுங்கை நிபோங்கில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக நின்றன. மோட்டார் என்பதால் நுழைந்து நுழைந்து போனேன். கிறிஸ்டோபரை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. ஏர்போர்ட் வாசலில் நிறுத்தும்போது நாலு மணி தாண்டியிருந்தது. பெட்டியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருந்த பத்மாவதி மகளைப் பார்த்ததும் அழுதார். தவமணி ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, உருட்டிட்டு அளக்கணும்னு நீங்க அப்பாகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஜன்னல்கிட்டதான் நின்னேன்." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "ஒரு தடவைதான் சொன்னீங்க."

அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

நாகநாதனின் டாக்சி வந்தபோது மணி நாலு இருபத்தைந்து. பிளேன் ஓடுபாதைக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்மாவதி கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினார். இவர் அங்கே பார்க்காமல் என்னிடம் வந்தார். சட்டை பூராவும் கிரீஸ். பதினோரு வருஷத்தில் அவரை அழுக்காகப் பார்த்தது அன்றுதான்.

"திரும்பிப் பாத்தாளா?" என்று கேட்டார்.

"பாத்தா சார். ரோட்டைத்தான் பாத்தா" என்றேன். பொய்தான். திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமே இல்லை.

மறுநாள் அந்தக் காரை மேனேஜர் வைத்திருந்த உயரத்துக்கே ஏற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் காரை நாலு தெரு ஓட்டிவிட்டு வந்து அளந்தார். ராமதாஸ் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். அதில் கார் விளம்பரப் புத்தகத்தில் இருப்பது போலவே தரையோடு படிந்து நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அதை ஸ்கேல் வைத்துக் காட்டுகிறார். இப்போதும் எனக்கு அவரைப் பிடிக்காது. அதில் மாற்றமில்லை.

ஆனால் அவர் என்னைக் கோவில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் விட்டுவைப்பதில்லை. தோளைப் பிடித்து இழுத்து நாலு பேர் முன்னால் நிறுத்திவிடுகிறார். "இவர்தான் மிஸ்டர் சூசை. இவர் மட்டும் அன்னிக்கு இல்லன்னா என் பிள்ளை இன்னிக்கு நர்ஸ் இல்ல. தங்கமான மனுசன்" என்கிறார். பட்டறைக்கு வந்தால் நாற்காலியைத் துடைக்காமல் உட்காருகிறார். தேநீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

அந்த 'ஒரு தடவை'யைப் பற்றித் தவமணி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் குடித்து முடிக்கும் வரை நான் கொக்கி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.