பாட்டைப் பெற்றவர்

டீக்கடையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், அது முடிகிறவரை இருளாண்டி பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார். ராமநாதபுரத்திலிருந்து வரும் பஸ் எதிரே வந்து நின்று, நடத்துனர் விசில் ஊதி, கிளம்பியும் போய்விடும். "போகட்டும், அடுத்த வண்டில போய்க்கிறலாம். பாதியில எந்திரிச்சா எழுதுனவன் மூஞ்சில துண்ட உதறுன மாதிரில்ல இருக்கும்" என்பார். பக்கத்தில் இருப்பவரிடம் இது யார் பாட்டு என்று கேட்பார். பாடியவர் பெயரையோ நடித்தவர் பெயரையோ சொல்வார்கள். "அது சரிப்பா. பெத்தவன் யாரு?" என்று மறுபடியும் கேட்பார்.

ஆர்.எஸ். மங்கலத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். பக்கத்து ஊர்த் திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் கேட்ட பாட்டில் லயித்து, திறந்த மடையை அடைக்க மறந்து, நாற்றங்காலையே மூழ்கடித்தார் இளவட்ட இருளாண்டி. "நீ வெவசாயத்துக்கு ஆக மாட்டலே" என்று பெற்ற அய்யா பால்சாமி அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். 1974இல் மதுரையில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தவர், படிப்படியாக வெளியீட்டு மேலாளர் ஆனார்.

பாட்டை இயற்றியவரையும் மெட்டமைத்தவரையும் தேடிப் பிடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, உறையில் அவர்கள் பெயர் பிழையில்லாமல் அச்சாகும்படி பார்ப்பதுதான் அந்த வேலை. அம்மன் பாட்டோ, தர்கா பாட்டோ, மாதா கோயில் பாட்டோ, எழுதியவர் வீட்டு வாசலில் தானே போய் நிற்பார். உத்தரகோசமங்கையில் ஒரு பாட்டுக்காரர் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார் என்று, அவர் தூற்றி முடிக்கும்வரை இவரும் முறம் பிடித்தாராம்.

1983இன் தொடக்கத்தில் வேலையாக ராமேஸ்வரம் வந்தவர், தங்கியிருந்த விடுதியில் பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் கேட்டு எழுந்து போனார். ஏர்வாடி தர்காவுக்கு வந்துவிட்டு, தலைமன்னார்க் கப்பலுக்காகக் காத்திருந்த ஹமீது சுல்தான் அங்கே பாடிக்கொண்டிருந்தார். மன்னார்க்காரர், ஊரில் சிறிய துணிக்கடை. 'அக்கரை வெளக்கே, அணையாம நில்லு கொஞ்ச நேரம்' என்று தொடங்கும் அந்தப் பாட்டுக்குச் சொல்லும் மெட்டும் அவருடையவைதான். இருளாண்டி டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து பதிவு செய்துகொண்டார். கையெழுத்துக் கேட்டபோது ஹமீது சுல்தான் சிரித்தார். "ரெண்டாவது சரணம் இன்னும் வரயில்ல. அடுத்த பயணம் முழுசாக் கொண்டுவந்து தாறன். அப்ப போடுறன்."

அந்த அடுத்த பயணம் வாய்க்கவில்லை. அந்த வருட ஆடி மாதத்தில் இனக்கலவரம் மூண்டு இலங்கை பற்றி எரிந்தது. மறு வருடம் கப்பலே நின்றுபோனது.

இதற்கிடையில் கேசட்டுக் காலம் வந்துவிட்டிருந்தது. தொண்ணூற்றொன்றில் முதலாளி எப்படியோ அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டார். கேட்டவுடன் பிரபலமான ஒருவரைப் பாடவைத்து வெளியிட வேண்டும் என்றார்.

"அவரு கையெழுத்து இல்லங்கய்யா."

"பாரம்பரியப் பாடல்னு போடு. கடலத் தாண்டி எவன் வந்து கேக்கப் போறான்?"

"அப்பன் இருக்குற பிள்ளைய அனாதைன்னு சொல்ல எனக்கு ஏலாதுங்க."

பாட்டு வெளிவரவில்லை. சென்னைக் கிளையின் பொது மேலாளர் பதவி அந்த மாதம் இவருக்கு வருவதாக இருந்தது. இவரிடம் வேலை பழகியவருக்குப் போனது. இவரை ராமநாதபுரம் கிளைக்கு மாற்றினார்கள். "சென்னைக்குப் போறோம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன். மனுசன் பாட்டத் தூக்கிக்கிட்டு வாராரு" என்று மனைவி வீரலட்சுமி மட்டும் இன்றைக்கும் சொல்வதுண்டு.

கிளைக்கு வந்ததில் அவருக்கு ஒரு வசதி இருந்தது. கடல் கடந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாம் பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போவார். "மன்னார்ப் பக்கமிருந்து யாரும் வந்திருக்கீகளா? இந்தக் குரலு தெரியுதான்னு பாருங்க." பாட்டு ஓடும். யாரைப் பிரிந்து வந்தார்களோ, சிலர் முகத்தை மூடிக்கொண்டு அழுவார்கள். குரல்தான் யாருக்கும் தெரியாது. திரும்பும் வழியில் கடலைப் பார்த்துக்கொண்டே வருவார். எதிர்க்கரை ஒருநாளும் அவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டதில்லை.

2003இல் முகாமில் இருந்த தாஜுன்னிசா என்ற பெண், பல்லவி முடிவதற்குள் எழுந்துவிட்டார். "இது எங்கட மாமா. தொண்ணூறுல முஸ்லிம் ஆக்கள மன்னார விட்டுத் துரத்தினதோட புத்தளத்துக்குப் போயிட்டாரு. உசிரோடதான் இருக்காரு." தெரிந்தவர்கள் மூலம் ஒரு தொலைபேசி எண்ணும் வாங்கித் தந்தார்.

முகாம் வாசலில் இருந்த தொலைபேசி பூத்துக்குள் நுழைந்து இருளாண்டி அந்த எண்ணை அழுத்தினார். மறுமுனையில் வயதான, மூச்சு வாங்கும் குரல் ஒன்று கேட்டது. இருளாண்டி விடுதியையும் கப்பலையும் கையெழுத்தையும் சொன்னார். "என்ன பாட்டு? எனக்கு நினைவில்லையே தம்பி" என்றது அந்தக் குரல்.

இருளாண்டி பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்தார். அதை ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் முதியவர். "ஆரு படிக்கிறது?"

"நீங்கதான் பாய்."

"நானா?" முதியவர் கேட்டார். "என்ட தொண்டை இப்பிடியா இருந்தது? ஊர விட்டுப் போட்டதோட பாட்டுப் படிப்பும் போச்சுது."

அத்தனை வருடங்களாகக் கேட்கவேண்டும் என்று வைத்திருந்ததை இருளாண்டி கேட்டார். "உங்க பேரு போட்டு வெளியிட்டுக்கிறலாமா பாய்?"

"அத நான் எப்பிடிச் சொல்ல ஏலும்? அது மன்னார்ல இருந்தவன்ட பாட்டு. அவன் வந்தாக் கேளுங்க." பிறகு சொன்னார்: "இன்னொருக்காப் போடுங்க தம்பி."

இருளாண்டி சரி என்று மட்டும் சொன்னார். நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, ரிசீவரை ஸ்பீக்கரை ஒட்டி வைத்தார். வெளியே ராமேஸ்வரம் பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. சாத்தாமல் கிடந்த பூத்துக் கதவை இழுத்துச் சாத்தி, சத்தம் உள்ளே வராதபடி அதன்மேல் முதுகை அழுத்திச் சாய்ந்து நின்றுகொண்டார்.