விறைப்பாக நின்ற மாப்பிள்ளை

ஈஜிபுரா பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் "எல்லிகே?" என்று கேட்டார். எங்கே போகவேண்டும் என்ற அந்தக் கேள்விக்கு அம்மா சொன்ன பதில்: "எம் பையன் மிலிட்ரி."

நாங்கள் போய் இறங்கியபோது, ராணுவ முகாம் வாசலில் தம்பியேதான் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றிருந்தான். டியூட்டி முடியும்வரை அசையவோ பேசவோ கூடாதாம்.

அம்மாவுக்குப் பெருமையில் கண் கலங்கியது. ஒரு நிமிடம்தான். பிறகு கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பொண்ணு போட்டோ காட்டினாலே ஓடுவ இல்ல? இப்ப ஓடு பாக்கலாம்."

தம்பியின் கண் மட்டும் என் பக்கம் உருண்டது. நான் மரத்தைப் பார்த்தேன்.

"புடிக்கலன்னா சொல்லிடுடா. மூணு வரைக்கும் எண்ணுவேன்."

எண்ணினார். ராணுவக் கட்டுப்பாடு இம்மியும் அசையவில்லை.

"டியூட்டி முடியட்டும்மா, அவன்கிட்ட பேசிட்டுப் போலாம்" என்றேன்.

"இன்னும் என்ன பேசணும்? வந்த வேலை முடிஞ்சுது."

பஸ் ஸ்டாப்பிலிருந்தே பெண் வீட்டுக்குப் போன். "பையன் மறுத்து ஒரு வார்த்தை பேசலைங்க!"

ஆறு மணிக்கு அவன் டியூட்டி முடிகிறது. முதல் போன் எனக்குத்தான் வரும். எடுக்கட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.